மாவு படிந்த வீடு

நாத்தனார் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எங்கேயோ ஏதோ சரியில்லை என்று அர்த்தம். தோல் டாக்டரின் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அவள் வெகுநேரமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைத் தொடங்கி வைத்தவளே அவள்தான். அழகு நிலையம் நடத்துகிறவள். அண்ணிக்குத் தலை அலசிவிட உட்கார வைத்தபோது, பின்னந்தலையில் முடிக்குள் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்களைப் பார்த்துவிட்டாள். "இதென்ன அண்ணி, கடுகைக் கொட்டி வச்ச மாதிரி?" என்று கேட்டவள், முழங்கையையும் முதுகையும் பார்த்த பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். போன வாரம் தோலில் மிளகளவு வெட்டி எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். இன்றைக்கு முடிவு தெரிகிற நாள்.

அண்ணிக்கு மைனா என்று பெயர் வைத்தது அவள் கணவர். ஊருக்கே அவர் 'பேக்கரி மாஸ்டர்'. கல்யாணமாகி வந்த புதிதில், ரொட்டி வேகிற நேரமெல்லாம் அவர் பக்கத்தில் நின்று ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். "என் கடையில மைனா வளர்க்கிறேன், தானியம் போட்டா போதும், நாள் பூரா பேசும்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மைனா வருஷக்கணக்காகச் சொறிந்துகொண்டிருக்கிறாள். பூஞ்சை என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். உடம்புச் சூடு என்றார் இன்னொருவர். சோப்பை மாற்று என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மாற்றிய சோப்புகளை அடுக்கினால் ஒரு கடை வைக்கலாம். ராத்திரி புரண்டு படுத்தால் துணியில் ரத்தப் புள்ளி. எந்தக் காலத்திலும் முழுக்கைச் சட்டை.

"உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"தோல்ல வந்திருக்கே தவிர, இது தோல்ல ஆரம்பிச்ச வியாதி இல்லம்மா. குடல்ல ஆரம்பிச்சது."

மைனா நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் டாக்டரைப் பார்த்தாள்.

"கோதுமையில ஒரு புரதம் இருக்கு. மாவைப் பிசைஞ்சா ஜவ்வு மாதிரி இழுபடுமே, அது. உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தி அதை எதிரின்னு நினைச்சுக்கிட்டு சண்டைக்குப் போகுது. சண்டை நடக்கிற இடம் உங்க குடல். அடி விழறது குடலோட உள்பக்கத்துக்கு. வேலியே பயிரை மேயறதுன்னு சொல்லுவாங்களே, அந்தக் கதை."

"எனக்கு வயித்து வலியே வந்ததில்லையே டாக்டர். எப்பவாவது உப்புசமா இருக்கும், அவ்வளவுதான்."

"நிறைய பேருக்கு அப்படித்தான். வயிறு சத்தம் போடாது. தோல்தான் கத்தும். ஆனா உள்ள, சத்தை உறிஞ்சற இடம் தேஞ்சு போயிருக்கும். நீங்க எவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் ஒட்டாது. இரும்புச் சத்து உங்களுக்கு ரொம்பக் கம்மியா இருக்கு. ஃபோலிக் ஆசிடும் அப்படித்தான்."

இழுபடுகிற அந்த ஜவ்வு மைனாவுக்குத் தெரியும். மாஸ்டர் மாவில் ஒரு துண்டைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல மெல்ல இழுத்து, விளக்குக்கு எதிரே பிடிப்பார். கிழியாமல் வெளிச்சம் ஊடுருவினால் பதம். "பாரு மைனா, பட்டு" என்பார்.

"கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் கூடாது. ஒரு துணுக்குகூட. அரிசி, சோளம், கிழங்கு, பருப்பு, முட்டை, மீன், காய், பழம் தாராளமா சாப்பிடுங்க. அரிப்புக்கு மாத்திரை தர்றேன், அதுக்கு முன்னாடி இன்னொரு ரத்தப் பரிசோதனை வேணும். தோல் முழுசா அடங்க மாசக்கணக்காகும். குடலும் மெதுவாத்தான் ஆறும். பொறுமை வேணும்." டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "வீட்ல என்ன தொழில்?"

நாத்தனார் முதல்முறையாக வாய் திறந்தாள். "பேக்கரி."

பேனா நின்றது.

"வீடு?"

"கடைக்கு மேல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "காத்துல பறக்கிற மாவு மூக்கு வழியா தொண்டைக்குப் போகும். அங்கேருந்து வயித்துக்கு. சாப்பிட்ட மாதிரிதான் அதுவும். கொஞ்ச நாளைக்காவது நீங்க வேற இடத்துல இருக்கணும்மா."

சரி என்று தலையாட்டினாள் மைனா. அவ்வளவுதானே, எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது டாக்டர் இன்னொன்று கேட்டார்.

"குழந்தைங்க?"

"இல்ல."

"கரு தங்கி கலைஞ்சது ஏதாவது?"

"ரெண்டு" என்றாள் மைனா. "ஒண்ணு நாலாம் மாசம். இன்னொண்ணு ஏழாம் மாசம். பொண்ணு."

டாக்டர் உடனே எழுதவில்லை. "இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன். யாராலயும் சொல்ல முடியாது. ஆனா கண்டுபிடிக்காம விட்ட இந்த வியாதிக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம். அதனாலதான் கேட்டேன்."

*

மாடிப்படி இறங்குகிறபோது மைனா நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கோதுமை விஷயத்தை உங்க அண்ணன்கிட்ட சொல்லிடலாம். கடைசியா கேட்டாங்களே, அது வேண்டாம்."

"அண்ணி..."

"சத்தியம் பண்ணு."

"தெரிஞ்சா என்ன ஆயிடும்? அண்ணன் என்ன வேணும்னா செஞ்சாரு?"

"அதுக்குத்தான் சொல்றேன். வேணும்னு செஞ்சவன் தாங்கிப்பான். இவரு தாங்க மாட்டாரு."

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. அந்த நாட்களில் அவளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். முதல் கரு கலைந்த பிறகு, மனைவியின் உடம்பு தேறவேண்டும் என்று மாஸ்டர் தினமும் விடியற்காலையில் தனியாக ஒரு சின்ன ரொட்டி போடுவார். பாலும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து, கடைக்குப் போடுகிற எதிலும் இல்லாத மென்மையோடு. சூடு ஆறுமுன் மாடிக்குக் கொண்டுபோய், பிய்த்து, பாலில் தோய்த்து, தானே ஊட்டிவிடுவார். இரண்டாவது தடவை ஏழு மாதமும் அப்படித்தான். "ஒரு வாய், மைனா. எனக்காக இல்ல, உள்ள இருக்கிறவளுக்கு" என்பார். பொண்ணுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

வயிறு உப்புகிறது என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நாட்களும் உண்டு. அப்போதும் ஊட்டுவார். வாங்கிக்கொள்வாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லும் மனது அவளுக்கு இருந்ததில்லை.

நாத்தனார் படியிலேயே நின்று சத்தியம் செய்து கொடுத்தாள்.

*

மத்தியானம் பேக்கரியில் கூட்டம் ஓய்ந்திருந்தது. சாயங்காலத்துக்கான மாவு பிசைகிற இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

மைனா வாசலிலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷம் புழங்கிய இடத்தை இன்றைக்குத்தான் பார்க்கிற மாதிரி இருந்தது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் மாவு மிதந்துகொண்டிருந்தது. மின்விசிறி இறக்கைகளில், கடிகாரக் கண்ணாடியில், மாடிப்படிக் கைப்பிடியில், எங்கும் மெல்லிய வெள்ளை. தினமும் துடைப்பாள். துடைக்கத் துடைக்கப் படியும். துடைக்கும்போதெல்லாம் சுவாசித்திருக்கிறாள்.

"என்ன மைனா, பாஸா ஃபெயிலா?" மாஸ்டர் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் பின்பக்கம் வாங்க."

கொல்லைப்புறக் குழாயடியில் வைத்துச் சொன்னாள். கோதுமை, குடல், வேலி, பயிர் என்று டாக்டர் சொன்னதைச் சொன்ன வரிசையிலேயே ஒப்பித்தாள். நாத்தனார் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

மாஸ்டர் முதலில் சிரித்துவிட்டார். "கோதுமையா? மீன்காரன் வீட்டுப் பூனைக்கு மீன் ஆகாதுங்கற மாதிரி இல்ல இருக்கு." பிறகு அவளுடைய முழங்கையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அடுத்த நிமிஷமே மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "சரி விடு. வழியா இல்ல? மாடிக்கு வெளியிலேருந்து தனிப் படி கட்டிடலாம். நான் குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் மேல வருவேன். உனக்குன்னு தனி அடுப்பு, தனி பாத்திரம். அரிசி மாவுல ரொட்டி வருமான்னு பாக்கறேன். உதிரும். முட்டை போட்டா நிக்கும். செஞ்சு காட்டறேன் பாரு."

மைனாவுக்கு மூச்சு வந்தது. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மாஸ்டர் குழாயைத் திறந்தார். கையை நீட்டினார். கழுவாமல் அப்படியே நின்றார்.

"இது எப்போலேருந்து இருக்காம்?"

"சரியா சொல்ல முடியாதாம்."

"அப்பவே இருந்துச்சு, மைனா. ரெண்டாவது தடவை. முழங்கையில கொப்புளம் கொப்புளமா. நான்தானே எண்ணெய் தடவி விடுவேன்."

"அது வேற. அது ஏதோ பூச்சிக்கடி."

பொய் சொன்னால் அவள் குரல் பாதியாகிவிடும். அது அவருக்குத் தெரியும்.

"டாக்டர் அதைப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்ல."

மாஸ்டர் தங்கையின் பக்கம் திரும்பினார். வாடிக்கைக்கு வருகிறவர்களிடம் பத்து வயது குறைந்துவிட்டது என்று முகத்துக்கு நேரே பொய் சொல்லக்கூடியவள், அண்ணனிடம் சொல்ல முடியாமல் தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டிருக்காங்க" என்றார் அவரே.

"இருக்கலாம்னுதான் சொன்னாங்க" என்று மைனா அவசரமாகச் சொன்னாள். "இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதாம். அவங்க வாயாலயே சொன்னாங்க. வேணும்னா நீங்களே வந்து கேளுங்க."

"இருக்கலாம்" என்றார் மாஸ்டர். அந்த வார்த்தையை வாயில் போட்டுப் பார்க்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "வேலி மேஞ்சதுன்னு சொன்னியே. இந்த வீட்டுக்கு வேலி நான்தானே மைனா."

"ஏங்க, என்ன பேச்சு இது?" அவள் அவர் கையைப் பிடிக்கப் போனாள்.

அவர் பின்னால் நகர்ந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"கிட்ட வராதே. மேலெல்லாம் மாவு."

கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள். பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவள் ஒரு அடி முன்னால் வைத்து அவர் ஒரு அடி பின்னால் போனது இதுதான் முதல் தடவை. மைனா நீட்டிய கை நீட்டியபடி நின்றாள்.

"நீங்க ஊட்டினீங்க. நான்தானே வாயைத் திறந்தேன்" என்றாள்.

அவர் குழாயை மூடினார். உள்ளே போய்விட்டார். இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு பலகையில் மாவு விழும் சத்தம். சாயங்கால ரொட்டிக்கு ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதியிலிருந்தும் ஆள் வந்துவிடும். உலகமே இடிந்து விழுந்தாலும் மாவு புளித்தால் காத்திருக்காது. அன்றைக்குப் போட்ட ரொட்டிகளில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

*

மைனாவின் துணிமணிகளை நாத்தனார்தான் எடுத்து வைத்தாள். எல்லாவற்றையும் தன் வீட்டில் போட்டுத் துவைத்த பிறகே உடுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளி, அழகு நிலையத்துக்கு மேல். ரொட்டி வாசனைக்குப் பழகிய மூக்குக்கு ஷாம்பூ வாசனை அந்நியமாக இருந்தது.

கிளம்பும்போது மாஸ்டர் கடைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது.

"அழுதிடுங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

"வரமாட்டேங்குது."

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வாசலில் செருப்புச் சத்தம். மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். தலைமுடி ஈரமாக இருந்தது. மடிப்புக் கலையாத புதுச் சட்டை. பொட்டலம் பிரித்த கோடுகள்கூட அப்படியே இருந்தன.

"குளிச்சிட்டேன்" என்றார் படிக்குக் கீழேயே நின்று. "துணிக்கடையில சட்டை வாங்கி அங்கேயே மாத்திக்கிட்டேன். வீட்டுக்குள்ள வைக்கவே இல்ல." பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். தேய்த்துத் தேய்த்து விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. நகக்கண்கள் சிவந்திருந்தன.

நாத்தனார் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வாய்தான் நீளமே தவிர, எப்போது நகரவேண்டும் என்பது தெரியும்.

"ஏறி வாங்க" என்றாள் மைனா.

வந்தார். ஆனால் உட்காரவில்லை.

"அடுப்பைக் கொடுத்திடறேன்னு சொல்லிட்டேன்."

"எந்த அடுப்பை?"

"நம்ம அடுப்பைத்தான். மார்க்கெட் பக்கத்துல பேக்கரி வச்சிருக்கிறவர் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாரில்ல. பிசையற மெஷினையும் சேத்து எடுத்துக்கிறாராம். வண்டி கிடைக்குமான்னு கேட்டுட்டு ராத்திரிக்குள்ள சொல்றேன்னு சொல்லியிருக்கார். காலையில வண்டி வந்தாலும் வரும்."

அன்று முழுவதும் மைனாவுக்கு வராத கோபம் அப்போது வந்தது.

"என்னைக் கேட்டீங்களா?"

"உன்னை என்ன கேக்கறது? உன்னைச் சாப்பிட்டது அது."

"அந்த அடுப்பை விட்டா நமக்கு வேற பிள்ளை இருக்கா? சொல்லுங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து அதோட பசியைத் தீர்த்தோம். அது அணைஞ்சிடக் கூடாதுன்னு ஒரு ஊருக்குப் போனதில்ல, ஒரு கல்யாணத்துல ராத்தங்கினதில்ல. ரெண்டைப் பறி கொடுத்தாச்சு. மூணாவதையும் தூக்கிக் கொடுக்கிறேங்கறீங்க. கொடுத்துட்டு என்ன செய்வீங்க? எதிர்ச் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காருவீங்களா? உங்களை அப்படிப் பாக்கறதுக்கு நான் சொறிஞ்சுக்கிட்டே இருந்துட்டுப் போறேன்."

மாஸ்டர் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார்.

அது பெண்ணுக்காக வைத்திருந்த பெயர். ஏழாம் மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. அதற்கு அடுத்த நாள் காலையே அவர் வழக்கம்போலக் கடையைத் திறந்தார். கல் நெஞ்சு என்று மைனா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

"துணியில சுத்தி என் கையில கொடுத்தாங்க" என்றார் மாஸ்டர். "எனக்கு எடை தெரியும் மைனா. எதைத் தூக்கினாலும் கை சொல்லிடும். பெரிய ரொட்டி அளவுதான் இருந்தா. அதுக்கப்புறம்தான் பெரிய ரொட்டி போடறதை நிறுத்தினேன். ஏன்னு நீ கேட்டே. விக்கலைன்னு சொன்னேன்."

மைனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவருடைய புண்பட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

கசிந்த ரத்தத்தை விரலால் ஒற்றிக்கொண்டே கேட்டாள்.

"எங்க வச்சீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் இதைக் கேட்டதே இல்லை. மயக்கம் தெளிந்து படுக்கையில் கிடந்தவளிடம், எல்லாம் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னார்கள். எங்கே, எப்படி என்று கேட்கப் பயந்தாள். கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

"பழைய ஆஸ்பத்திரிக்குப் பின்னால. இடுகாட்டுல கடைசிச் சுவர் ஓரமா."

"தனியாவா போனீங்க?"

"தங்கச்சி உன்கூட நின்னுட்டா. வேற யாரு இருந்தா?"

மைனா எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். செருப்பைத் தேடினாள்.

"இப்பவா?" என்றார் மாஸ்டர்.

"இருட்டறதுக்குள்ள போயிட்டு வந்திடலாம்."

நாத்தனார் கதவோரம் வந்து நின்றாள். எங்கே என்று கேட்கவில்லை. அண்ணியின் தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டாள்.

தெருவில் கடைகளுக்கு விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். எதிரே வந்த ஒருவர், "என்ன மாஸ்டர், கடை பூட்டியிருக்கு? நாளைக்கு ரொட்டி உண்டா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனார். மாஸ்டர் தலையை அசைத்தார். உண்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய ஆஸ்பத்திரி மதில் தெரிய ஆரம்பித்தபோது அவருடைய புதுச் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மார்க்கெட் பக்கத்துக்காரர்.

மைனாவும் பெயரைப் பார்த்துவிட்டாள்.

"எடுத்து என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லச் சொல்லலாம். நாளைக்குக் காலை அவர் அந்த அடுப்பின் முன்னால் நிற்பார். ஒவ்வொரு பிடி மாவை எடுக்கும்போதும் இன்றைக்குக் கேட்ட 'இருக்கலாம்' என்ற அந்த ஒற்றை வார்த்தை அவர் காதில் விழும். சரி என்று சொல்லச் சொல்லலாம். அதற்குப் பிறகு அவருக்கு விடியற்காலை எதற்கு?

போனைப் பிடித்திருந்த அவர் கையை மைனா மெல்லத் தாழ்த்தினாள்.

"முதல்ல அவளைப் பாத்துட்டு வந்திடலாம்" என்றாள்.

போன் அடித்து ஓய்ந்தது. இடுகாட்டின் கதவைத் தள்ளி இருவரும் உள்ளே நுழையும்போது மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.